ஸ்டென்ட் வைத்த பிறகு 'ஒன்று மட்டும்'

திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ இதய இரத்தக் குழாயின் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடித்து ஊர் திரும்பியவரைப் பார்க்க வருபவர்களில் யாராவது ஒருவர், "அடைப்பைத்தான் எடுத்தாச்சே, இனி எப்பவாவது ஒண்ணு ஆகலாமே" என்று பீடியையோ மதுவையோ பற்றிச் சொல்லாமல் போவதில்லை. அன்பினால் சொல்லப்படும் இந்தச் சொல்லைப் போல இதய நோயாளிக்குத் தீங்கு செய்வது வேறொன்றுமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத் திறக்கிறதே தவிர, அடைப்பு உண்டான காரணத்தை அது அகற்றுவதில்லை.

பீடியின் புகையிலுள்ள நிகோடின் சில நிமிடங்களிலேயே இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தி இதயத்தின் வேலையைக் கூட்டுகிறது. அதே புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, கூடுதல் ஆக்சிஜன் வேண்டியிருக்கும் அந்த நேரத்தில் கிடைப்பதையும் குறைத்துவிடுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுகிறது, தட்டணுக்கள் எளிதில் ஒட்டி உறைகின்றன. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்தால் அது மறுபடியும் மாரடைப்புத்தான். இலையில் சுற்றியது என்பதால் பீடி சிகரெட்டைவிட மென்மையானது என்ற நம்பிக்கை ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்களிடமும் கடற்கரை ஊர்களிலும் இன்னும் இருக்கிறது. உண்மையில் பீடியிலிருந்து உடலுக்குள் போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவானவை அல்ல. எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்பதும் தவறு: நாளுக்கு ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி இருப்பதாக 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. தூத்தூர் பக்கத்திலிருந்து மீன்பிடிக்கப் போய் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவருக்கு நெஞ்சுவலி வந்தால், கரையே வெகு தொலைவு என்பதையும் நினைக்க வேண்டும்.

வேப் எனப்படும் மின்சிகரெட் இந்தியாவில் 2019-லேயே தடை செய்யப்பட்டது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வழியாக இளைஞர்கள் கைக்கு அது வந்து சேர்கிறது. எரியாததால் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு என்பது உண்மையே; ஆனால் நிகோடின் அதே நிகோடின், துடிப்பையும் அழுத்தத்தையும் அது அப்படியே உயர்த்துகிறது. கள்ளத்தனமாக விற்கும் பொருளில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியும் இல்லை.

மதுவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். என் பெரியப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தியிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டதிலிருந்து, இவ்வகை வால்வுகள் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியவையாயின. ஆனால் உலோக வால்வு உள்ளவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். அதன் அளவை, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். ஒரே இரவில் அதிகமாகக் குடித்தால் கல்லீரல் அந்த மருந்தை உடைப்பது தாமதமாகி, இரத்தக் கசிவு வரலாம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தால் மருந்து விரைவாக உடைந்து, வால்வில் இரத்தம் கட்டலாம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்து என்பதைப் பெரியப்பாவுக்குப் புரியவைப்பதைவிட, திருமண வீட்டில் அவருக்கு ஊற்றிக் கொடுப்பவர்களுக்குப் புரியவைப்பதே எனக்குக் கடினமாக இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைக் குடித்த நிலையில் வைத்தால், இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து மயங்கி விழவும் கூடும்.

கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் கொண்டாட்ட நாட்களில் இன்னொன்றும் நேரலாம். விடுமுறை நாட்களில் மிகையாகக் குடித்தபின் ஒழுங்கற்ற படபடப்புடன் வருபவர்களைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள் 1978-இல் அதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்றே பெயரிட்டார்கள். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும்போது உள்ளே இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஆண்டுக்கணக்கில் குடிப்பவருக்கு இதயத் தசையே தளர்ந்து, நம்மூரில் 'பம்பிங் குறைந்துவிட்டது' என்று சொல்லும் நிலை வருகிறது. குடியை முழுவதும் நிறுத்தியவர்களில் பலருக்கு அந்தப் பம்பிங் ஓரளவாவது மீண்டிருக்கிறது.

புகையை நிறுத்திய ஓராண்டுக்குள் இதய நோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நிறுத்த உதவி வேண்டுபவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். மதுவோ வேறு: தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், பலவீனமான இதயத்துக்கு அது பெரும் சுமை. ஆகவே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள மருத்துவரிடமோ, எவ்வளவு குடிக்கிறார் என்பதை வீட்டார் மறைக்காமல் சொல்லி, மருந்தின் துணையுடன் நிறுத்துவதே பாதுகாப்பானது.