மேனியாக் மேன்ஷன்

நேத்து நைட்டு எமுலேட்டர்ல (பழைய மெஷின் கேமை இப்போதைய கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) மேனியாக் மேன்ஷன் போட்டேன், ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி வீட்டுக்குள்ள புகுந்து புதிர் அவுக்குற அட்வென்ச்சர் கேம். கமடோர் 64ங்கிற பழைய ஹோம் கம்ப்யூட்டருக்கான வெர்ஷன், 1987ல வந்தது. சும்மா பத்து நிமிஷம்னு உக்காந்தவன் எந்திரிக்கும்போது மணி ரெண்டரை 😅

அதுக்கு முன்னாடி இந்த மாதிரி கேம்ல பெரும்பாலும் "கதவைத் திற"ன்னு நாமளே டைப் பண்ணணும், வார்த்தை கொஞ்சம் மாறினாலும் புரியலன்னு சொல்லிடும். இதுல கேமை உருவாக்குன ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் 15 வினைச்சொல்லை ஸ்கிரீன் அடியிலயே அடுக்கி வெச்சுட்டாங்க, கர்சரை நகத்தி அமுக்குனா போதும், இத்தனையும் வெறும் 64 கேபி மெமரில!

அந்த வீட்டு கிச்சன்ல ஒரு செயின்சா (மரம் அறுக்குற மெஷின்) கிடக்கு. பெட்ரோல் இல்ல. நானும் லூசு மாதிரி வீடு பூரா தேடுறேன், எங்கயும் கிடையாது. அந்த பெட்ரோல் அவங்களோட அடுத்த கேம் ஸாக் மெக்ரேக்கன்ல, அதுவும் செவ்வாய் கிரகத்துல இருக்காம். என்னா குசும்பு!

அப்புறம் அந்த விஞ்ஞானியோட பையன் எட் வளக்குற ஹாம்ஸ்டரை (எலி மாதிரி குட்டிப் பிராணி) மைக்ரோவேவ்ல வெச்சேன். பாவம்தான். எட் ரூமுக்குப் போயி அதை அவன் கையில குடுத்தேன் பாருங்க, அடுத்த சீன்ல நம்மாளுக்கு கல்லறை 💀