சொல்வழி கேட்ட பிள்ளையும் ஒரு சீப்புக் கதலியும்

எங்கள் வீட்டில் ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல் புழக்கத்தில் இல்லை. ‘சொல்வழி கேட்கிறது’தான். கீழே படியத் தேவையில்லை, கேட்டாலே போதும் போலிருக்கும். என் அம்மாவிடம் வளர்ந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும்.

போன வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டோம். எனக்கு வயது 43. ஸ்கூட்டரில் ஏறுமுன்னே கட்டளை வந்துவிட்டது.

“தம்பி, கோட்டை வாசலில மான் நிக்கும். என்ன நடந்தாலும் பையைக் கைவிடாதே.”

பைக்குள் ஒரு சீப்புக் கதலி, தேங்காய், வெற்றிலை, கற்பூரம். கோயிலடியில் விலை கூட என்று அம்மா சந்தையில் பேரம் பேசி வாங்கியவை.

கோயிலுக்குப் போகிற வழியில் உள்ள பிரெட்ரிக் கோட்டை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் கை மாறியது. 1795க்குப் பிறகு ஆங்கிலேயரிடம் இருந்தது. இன்றைக்கு வாசலில் யாருடைய ஆட்சி என்று கேட்டால், புள்ளிமானுடையது. பூ வாங்க இறங்கியதுதான் தாமதம், கொம்பன் ஒன்று வந்து சொப்பிங் பையின் மூலையைக் கவ்வியது.

நான் விடவில்லை. அதுவும் விடவில்லை.

“பிடியடா தம்பி, பொலித்தீனைத் தின்னப்போகுது!” என்றார் அம்மா. நியாயம்தான், அது வயிற்றுக்குள் போனால் மானின் உயிருக்கே ஆபத்து. இழுத்தேன். மான் தலையைத் திருப்பியது. கொம்பு என் வயிற்றுக்கு நேரே வந்தது.

“ஐயோ, விடடா!”

ஒரே வாயிலிருந்து இரண்டு கட்டளை. எதைக் கேட்பது என்று யோசிப்பதற்குள் பை கிழிந்தது. கதலி மானுக்குப் போனது. தேங்காய் உருண்டோட, ஓர் ஆட்டோ அண்ணன் பாவம், உதவி என்று நினைத்துக் காலால் தடுத்தார்.

“கால் பட்ட தேங்காய் சாமிக்கு ஆகாது” என்றார் அம்மா. அப்புறமென்ன, எல்லாவற்றையும் கோயிலடிக் கடையில், அதே கூடின விலைக்கு, மறுபடி வாங்கினோம்.

“சொன்னதைக் கேட்டியா?”

“கேட்டனான் அம்மா, பையை விடேல்லையே.” கையைக் காட்டினேன். பை இருந்தது. உள்ளே இருந்தவைதான் இல்லை.

அருச்சனை முடிந்து, ‘இராவணன் வெட்டு’ என்கிற பாறைப் பிளவடியில் நின்றபோது அம்மா தொடங்கினார். “தாய் கும்பிடவேணும் எண்டு மலையையே வெட்டினவன் இராவணன். நீ ஒரு பை...”

“அவனாலயும் மலையைக் கொண்டுபோக முடியேல்லையே அம்மா” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. கடலைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் பேச்சில்லை.

திரும்பும் வழியில் அதே கொம்பன் அதே இடத்தில் நின்றது. அம்மா ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, பிரசாதப் பழத்தைத் தோலுரித்துத் தன் கையாலேயே நீட்டினார். நான் வாயைத் திறந்தேன்.

“அதுவும் பசிக்கிற சீவன். நீ கதைக்காமல் ஸ்கூட்டரை எடு.”

எடுத்தேன்.