கோட்டின் தடித்த முனை

செத்த புழுக்களை எண்ணுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். தக்காளி இலையைத் துளைக்கும் ஈயை எந்தெந்தக் குளவிகள் அழிக்கின்றன, எந்த அளவுக்கு அழிக்கின்றன என்று கணக்கெடுக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேலை. பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத்தில் தக்காளிக்குப் பஞ்சமில்லை என்பதால் மாதிரிக்கும் பஞ்சமில்லை. வெயில் ஏறுவதற்குள் இலை பறித்து, காகித உறையில் போட்டு, பென்சிலால் ஊர், தேதி, செடியில் இலை இருந்த உயரம் எல்லாம் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கி ஆய்வகத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால் 'விவசாய ஆராய்ச்சி' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். புழு எண்ணுகிறேன் என்றால் என் அம்மாவுக்குத்தான் ஆறுதல் சொல்வார்கள்.

அந்த ஈயின் பெயர் லிரியோமைசா டிரைஃபோலி. சொந்த மண் அமெரிக்கக் கண்டம். சாமந்திக் குச்சிகளோடு சேர்ந்து கப்பலும் விமானமும் ஏறி உலகைச் சுற்றியது. 1976இல் கென்யாவுக்குள் நுழைந்தது ஃபுளோரிடாவிலிருந்து போன சாமந்திக் குச்சிகள் வழியாகத்தான். இந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் கண்ணில் பட்டது. மஞ்சளும் கறுப்புமாக, 2 மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாத பூச்சி. பெண் ஈ இலையைக் குத்திக் கசியும் சாற்றைக் குடிக்கும். ஆணுக்குக் குத்துவதற்கான உறுப்பே இல்லை. பெண் குத்திவிட்டுப் போன துளையில்தான் அதற்கும் சாப்பாடு. அப்படிக் குத்திய துளைகளில் சிலவற்றில் மட்டும் முட்டை இருக்கும். முட்டையிலிருந்து வரும் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே இருக்கும் பச்சையத்தைத் தின்றுகொண்டே நகரும். அது போன பாதைதான் தக்காளி இலையில் நெளியும் வெள்ளைக் கோடு. புழு வளர வளரக் கோடும் அகலும். ஆகவே மெல்லிய முனை அது பிறந்த இடம், தடித்த முனை அது கடைசியாக இருந்த இடம்.

எங்கள் வேலை முழுவதும் அந்தத் தடித்த முனையில்தான்.

இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். மஞ்சள் புழு ஒன்று அசைந்துகொண்டிருக்கும். அதன் வாயில் கறுப்பாக ஒரு கொக்கி விடாமல் முன்னும் பின்னும் வெட்டிக்கொண்டே இருக்கும். அது உயிருள்ள புழு. சில கோடுகளின் முனையில் புழு இருக்காது, தோலில் பிறை வடிவில் ஒரு கீறல் இருக்கும். முற்றிய புழு அந்த வழியாக வெளியேறி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிவிட்டது என்று பொருள். வேறு சிலவற்றில் புழு பழுப்பாகித் துவண்டு கிடக்கும், பக்கத்தில் கண்ணாடித் துணுக்காக ஒரு முட்டையோ, அதன் உடலில் வாயை வைத்து உறிஞ்சும் இன்னொரு சின்னஞ்சிறு புழுவோ இருக்கும். அது குளவியின் பிள்ளை. இன்னும் சிலவற்றில் பிறைக் கீறலுக்குப் பதிலாக ஊசியால் குத்தியதுபோல் வட்டமான துளை. வளர்ந்த குளவி கடித்துத் திறந்துகொண்டு போன வாசல் அது. பிறை என்றால் ஈ தப்பியது, வட்டம் என்றால் குளவி வென்றது. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டவர் ஒரு தோட்டத்தில் பத்து நிமிடம் நடந்தாலே அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் தோட்டக்காரர் பார்ப்பது முனையை அல்ல, கோட்டை. புழு செத்தாலும் தப்பினாலும் கோடு அப்படியே இருக்கும், ஏனென்றால் தின்னப்பட்ட இலை மறுபடி பசுமையாவதில்லை. செடியின் அடியிலுள்ள இலைகளில் கோடுகள் பின்னிக் கிடக்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூட ஆள் இருக்காது. அந்த இலைகளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் மருந்து அடிக்கிறார்கள். எல்லாம் முடிந்துபோன இடத்துக்கு விசைத்தெளிப்பான் போகிறது.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவரிடம் இலையைக் காட்டி, "ஐயா, இதில் புழு இல்லை, எல்லாம் வெறும் தடம்" என்றேன். அவர் இலையை வாங்கி, திருப்பிப் பார்த்து, "போன வாரம் இருந்ததா இல்லையா அம்மா?" என்றார். இருந்ததுதான். "அப்படியானால் அடுத்த வாரம் வராது என்று எழுதிக் கொடுப்பாயா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. தக்காளி விலை எந்தக் காலையில் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாது. குச்சி நட்டு, கயிறு கட்டி, கூலி கொடுத்து எல்லாச் செலவும் செய்தாகிவிட்டது. அவர் கையில் மிச்சம் இருப்பது மருந்து அடிப்பது ஒன்றுதான். பொறுத்திருங்கள் என்று சொல்லும் எங்களுக்கோ ஒரு கூடை தக்காளிகூட நட்டமாகப் போவதில்லை. இதை நினைவில் வைக்காமல் விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்று கூட்டங்களில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

எரிச்சல் ஒருபுறம் இருக்க, மருந்து நிலைமையை மோசமாக்குகிறது என்பதும் உண்மை. ஈயின் புழு இலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த ஈ இனம் பல மருந்துகளுக்குப் பழகியும்விட்டது. குளவியோ இலையின் மேல் நடந்து நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டித் தேட வேண்டிய பிராணி. தெளித்த மருந்தை முழுக்க வாங்கிக்கொள்வது அதுதான். காய்ப்புழுவுக்கு அடித்த மருந்தால் இலைத்துளைப்பான் பெருகுவது எங்கள் வட்டாரக் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. கலிஃபோர்னியாவின் தக்காளி வயல்களில் மெத்தோமில் என்ற பூச்சிமருந்தைத் தெளித்ததால் இதன் உறவுக்கார ஈ ஒன்று பெருகிய செய்தி 1976இலேயே ஆய்விதழில் வந்துவிட்டது. கோடு விழுந்த இலைகளைப் பறித்து எரியுங்கள் என்ற அறிவுரையும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பயிர் இளசாக இருக்கும்போது சரி. குளவி வந்து சேர்ந்த பிறகு எரித்தால் அதன் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே எரிகிறது.

எங்கள் இலைகளில் அதிகம் வந்தது ஹெமிப்டார்சீனஸ் வேரிகார்னிஸ் என்ற குளவி. உடலில் பளபளப்பு. ஆணின் உணர்கொம்பு கிளை விட்டிருக்கும். நுண்ணோக்கியில் அதை முதலில் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை "அட" என்பார்கள். ஆய்வகத்துக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் கேட்பதெல்லாம் குளவி கொட்டுமா என்றுதான். ஈயின் புழுவைக் கொட்டும், நம்மைக் கொட்டாது. கொட்டிப் புழுவை முடக்கிப்போட்டு, அதன் அருகே முட்டை வைத்துவிட்டு நகரும். இந்த வகைக் குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எதை வைப்பது என்பது தாயின் விருப்பம். இவற்றின் நெருங்கிய உறவான டிக்ளைஃபஸ் ஐசேயா பெரிய புழுவாக இருந்தால் பெண் முட்டையும், சிறியதாக இருந்தால் ஆண் முட்டையும் வைக்கப் பார்க்கும். அந்த டிக்ளைஃபஸைத்தான் ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில் விவசாயிகள் குப்பியில் காசு கொடுத்து வாங்கித் திறந்துவிடுகிறார்கள். அதன் புழு கூட்டுப்புழுவாகும் முன் தன் கழிவையே கறுப்புத் தூண்களாக நிறுத்தி, காய்ந்து சுருங்கும் இலைத்தோல் தன்மேல் படியாமல் முட்டுக் கொடுத்துக்கொள்ளும்.

என் பிரச்சினை குளவி முட்டை வைத்த புழுக்களோடு அல்ல, வைக்காமலே செத்துக் கிடந்த புழுக்களோடுதான். பழுப்பாகித் துவண்டிருக்கும், பக்கத்தில் முட்டையும் இருக்காது, குட்டியும் இருக்காது. எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: உயிருள்ளவை, ஒட்டுண்ணி கண்டவை, அதாவது குளவியின் முட்டையோ குட்டியோ பக்கத்தில் இருப்பவை. சதவீதம் இந்த இரண்டையும் வைத்துத்தான் போடப்படும். மூன்றாவது வகை எந்தக் கட்டத்திலும் சேராது. சேராததை விட்டுவிடுங்கள் என்றார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். மருந்தே படாத சில தோட்டங்களில், ஒட்டுண்ணி கண்டவற்றைவிட இப்படிச் சும்மா செத்தவை அதிகமாக இருந்தன.

ஒரு நாள் கண்ணாடித் தட்டில் ஈரக் காகிதம் விரித்து, உயிருள்ள புழு இருக்கும் இலையை வைத்து, ஒரு பெண் குளவியை உள்ளே விட்டு நுண்ணோக்கிக்குக் கீழே நகர்த்தினேன். கோட்டின் மேலேயே அங்குமிங்கும் நடந்தது. புழு இருக்கும் இடம் வந்ததும் நின்று, வயிற்றை வளைத்து, இலைத்தோல் வழியாகக் குத்தியது. உள்ளே கொக்கி வெட்டுவது மெதுவாகி நின்றது. குளவி குத்துவதை நிறுத்தவில்லை. அதே இடத்தில் பலமுறை ஏற்றி இறக்கியது. பிறகு ஊசியை உருவி, அப்படியே திரும்பி, குத்திய துளையில் வாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையவே இல்லை. முட்டை வைக்கவில்லை. அடுத்த புழுவுக்கு நடந்தது. சும்மா செத்தவற்றில் ஒரு பங்கு எப்படிச் சாகிறது என்பது அந்தத் தட்டில் தெரிந்தது. பெண் குளவிக்கு முட்டை உருவாக்கப் புரதம் வேண்டும், அதை இப்படிக் குடித்துச் சேர்க்கிறது. இது புத்தகங்களில் இருப்பதுதான், நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பது எங்கள் படிவத்தில் இல்லை.

மேலதிகாரி மறுத்ததிலும் நியாயம் இருந்தது. செத்த புழுவை மட்டும் பார்த்து, குளவி குடித்ததா, வெயில் கொன்றதா, பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்ததா என்று சொல்ல முடியாது. காரணம் தெரியாத எண்ணைச் சதவீதத்தில் சேர்த்தால் அறிக்கை நிற்காது என்றார். சேர்க்க வேண்டாம், எழுதியாவது வைப்போம் என்பது என் கட்சி. படிவத்தின் ஓரத்தில், யாரும் கேட்காத மூன்றாவது எண்ணைப் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். எதிர்ப்பு வரவில்லை. ஓரத்தில் எழுதுவதற்கு அலுவலகங்களில் பொதுவாக எதிர்ப்பு வருவதில்லை.

குளவியை நம்பிக் காத்திருங்கள் என்பதை எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் கொய்மலராக வளர்க்கும் சாமந்தியில் பூவோடு இலையும் சேர்ந்தே விற்கிறது. ஒரு கோடு விழுந்தாலும் தரம் இறங்கும். குளவி புழுவைக் கொல்வதற்குள் கோடு விழுந்துவிடும். தக்காளியில் விற்பது பழம்தான் என்பதால் கீழ் இலைகள் கொஞ்சம் போனாலும் செடி தாங்கும்.

அந்தத் தக்காளியிலும் 2014க்குப் பிறகு பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று. தென்னமெரிக்காவிலிருந்து டூட்டா அப்சொலூட்டா என்ற ஊசிப்புழு அந்த ஆண்டு இந்தியாவுக்குள் வந்தது, சீக்கிரமே தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதுவும் இலைத்தோலுக்குள் தின்னும். ஆனால் அது அந்துப்பூச்சியின் புழு, காயையும் குடையும், பொறுத்திருந்தால் பழம் போய்விடும். எனவே தோட்டத்தில் முதல் வேலை, எது எது என்று பிரிப்பதுதான். நெளிந்து ஓடும் மெல்லிய கோடு ஈயினுடையது. ஒழுங்கில்லாமல் விரிந்து, உள்ளே எச்சம் கறுப்பாகத் தேங்கிய திட்டு ஊசிப்புழுவினுடையது. முன்பு 'கோட்டைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள்' என்று சொல்லிவந்த எனக்கு, 'முதலில் கோடா திட்டா என்று பாருங்கள்' என்று தொடங்க வேண்டியிருந்தது. ராயக்கோட்டைப் பெரியவர் இதை எங்கள் குழுவில் பலரைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். திட்டு கண்ட இலைகளை அவரே தனியாகக் கிள்ளி எடுத்து வைத்து, நான் போகும்போது காட்டுவார். ஈயின் கோட்டுக்கு மட்டும் மருந்து அடிப்பதை அவர் விட்டாரா என்றால், பாதி விட்டார். வாரம் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தவர், வெயிலில் இலையைத் தூக்கிப் பார்த்து, அசையும் புழு கண்டால் மட்டும் கடைக்குப் போனார். கடைக்காரருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

நான் அந்த வேலையை விட்ட பிறகு படிவம் மாறியிருக்கிறது. 'இறந்தவை, ஒட்டுண்ணி இல்லை' என்று மூன்றாவது கட்டம் அச்சிலேயே வருகிறதாம். பழைய ஆண்டுகளோடு ஒப்பிட அந்த எண் வேண்டும் என்று, இப்போது அங்கே இருக்கும் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். ஓரத்துப் பென்சில் எழுத்து சில பக்கங்களில் மங்கிவிட்டதாம், 1 எது, 7 எது என்று தெரியவில்லையாம். என் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும் என்று சொன்னேன்.