மந்தலியில் மூன்று நாள்

அக்டோபர் 3, மந்தலி

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்கத் திட்டம். நடை தொடங்கும் மலையூர் லுக்லா. நள்ளிரவு ஒரு மணிக்குக் காட்மாண்டுவில் வேன் ஏறினேன். சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்புவதில்லை. ராத்திரி முழுக்க மலைப்பாதையில் குலுங்கி, ராமேச்சாப் மாவட்டத்து மந்தலிக்கு வந்து ஏற வேண்டும். பறப்பது என்னவோ இருபது நிமிடம்தான்.

விடியும்போதே தூறல். ஒன்பது மணிக்குக் கவுன்டர் பையன் "லுக்லா குளோஸ்" என்றான். பதினொன்றுக்கும் அதே பதில். ஒரு மணிக்கு எல்லாம் கேன்சல்.

"இங்கேதான் மழை விட்டாச்சே!" என்று ஒருவர் சண்டைக்குப் போனார். இங்கே விட்டு என்ன? லுக்லா ஓடுபாதை வெறும் 527 மீட்டர், கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு. ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளம். இறங்கும்போது தவறினால் மேலே எழும்பித் திரும்ப இடம் கிடையாது. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மேகம் மூடினால் அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் காற்று வேறு.

அக்டோபர் 4, அதே மந்தலி

நேற்று ரத்தானவர்களுக்கு இன்று முதலிடம் கிடையாதாம். இன்றைய டிக்கெட்காரர்கள் போன பிறகு சீட் மிஞ்சினால்தான் நாங்கள். ரேஷன் கடையில்கூட நேற்றைய டோக்கனுக்கு ஒரு மரியாதை உண்டு. மூன்று விமானம் போனது, மறுபடி மூடிவிட்டார்கள்.

இந்த ஊர் 500 மீட்டர் உயரம்கூட இல்லை. கசகசவென்று புழுக்கம். பனிக்கென்று வாங்கிய இறகு ஜாக்கெட் தலையணையாகிவிட்டது. பொழுது போகாமல் சாக்ஸைத் துவைத்தேன், மகா தப்பு. காயவே இல்லை.

அம்மா போனில், "அங்கே மழையா? இங்கே ஒரு சொட்டு இல்லைடா, வந்துடு" என்றாள்.

அக்டோபர் 5

இன்றும் கேன்சல். டீக்கடை தீதீ (அக்கா) கேட்காமலே கிளாஸை நீட்டுகிறார்.

டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். லுக்லாவிலிருந்து பேஸ் கேம்ப் போய்த் திரும்ப 12 நாள். 17ஆம் தேதி காட்மாண்டுவிலிருந்து ஊருக்கு விமானம். நாளைக்கே பறந்தாலும் உதைக்கிறது. வழியில் நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் சும்மா இருப்பதை வெட்டலாம் என்று பக்கத்துக் கட்டில் மலையாளி யோசனை சொன்னார். உடம்பு உயரத்துக்குப் பழகத்தான் அந்த நாட்களே. பேஸ் கேம்ப்பின் 5,364 மீட்டரில் தலைவலியோடு தனியாக உட்கார நான் தயாரில்லை. திரும்பும்போது லுக்லாவிலும் மேகம் இருக்கலாம் என்பதைப் பிளான் போட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

சரி, பேஸ் கேம்ப் இல்லை. சல்லேரி வரை ஜீப், அங்கிருந்து நடை, நாம்சேயோடு திரும்பிவிடுவது. மலையாளி காத்திருக்கப் போகிறாராம்.

அக்டோபர் 6, சல்லேரி

ஒகல்துங்கா தாண்டி இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். முழங்கால் வரை சேறு. முன்சீட்டுப் பாட்டி மட்டும் இறங்கவில்லை, மடியில் கோழிக்கூடை.

இரவு எட்டுக்கு வந்து சேர்ந்தேன். இங்கேயும் மழைதான். மலையாளியிடமிருந்து மெசேஜ்: "இன்னிக்கும் கேன்சல்." எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம்.

விடுதிக்கார அம்மா என் சாக்ஸைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாங்கி அடுப்புக்கு மேல் கம்பியில் தொங்கவிட்டார். ஒன்று காய்ந்துவிட்டது. இன்னொன்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருக்கிறது. காலை ஆறு மணிக்கு நடை.