‘பாதுகாப்பா, பொருளாதாரமா?’ என்ற வினாவுக்கு ஈரான்–ஈராக் போரைப் படித்த விதம்

அரசியல் அறிவியலையும் பன்னாட்டு உறவுகளையும் விருப்பப் பாடமாகக் கொண்டு குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுவோருக்கு, அண்டை நாடுகள் போரிடுவது பாதுகாப்புக்காகவா, பொருளாதாரத்துக்காகவா என்ற வினா எளிதாகவே தோன்றும். பாதுகாப்புக் காரணங்களுக்கு ஒரு பத்தி, பொருளாதாரக் காரணங்களுக்கு ஒரு பத்தி, இரண்டும் முக்கியமே என்றொரு முடிவுரை என எழுதிவிடலாம். அப்படி எழுதிய விடையில் பிழை இராது; ஆனால் ஒரு காரணம் மற்றொன்றாக எப்படி உருமாறுகிறது என்பது, அதாவது வினா உண்மையில் கேட்பது, விடுபட்டுப்போகும். பத்துப் போர்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட, 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் போரையும் அதையடுத்து வந்த குவைத் படையெடுப்பையும் ஊன்றிப் படித்ததே எனக்குக் கைகொடுத்தது.

வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். ஈராக்கின் கடற்கரை 60 கிலோமீட்டருக்கும் குறைவு. பாஸ்ரா துறைமுகத்துக்குக் கப்பல்கள் ஷத்தல் அரப் ஆற்றின் வழியாகவே சென்றாக வேண்டும். 1937ஆம் ஆண்டு ஒப்பந்தம் அந்த எல்லை ஆற்றின் பெரும்பகுதியை ஈராக்கிடம் விட்டிருந்தது. 1975இல் கையெழுத்தான அல்ஜியர்ஸ் உடன்படிக்கையோ, கப்பல் செல்லும் ஆழமான பாதையின் நடுக்கோட்டையே எல்லையாக்கியது. அதற்கு ஈடாக, ஈராக்கின் வடக்கில் போராடிய குர்துகளுக்குத் தந்துவந்த உதவியை ஈரான் நிறுத்திக்கொண்டது. வணிக வழி ஒன்றின் மீதான உரிமையைக் கொடுத்து உள்நாட்டு அமைதியை ஈராக் பெற்றுக்கொண்டது என்பதுதான் இதன் பொருள். என் கருத்தில், இவ்வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

1979இல் ஈரானில் ஷியா மதகுருக்களை ஆட்சியில் அமர்த்திய புரட்சி, ஷியா மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஈராக்கை ஆண்ட பாத் கட்சிக்கு உண்மையான அச்சத்தைத் தந்தது. அதே புரட்சி ஈரானியப் படையைக் குலைத்துவிட்டது என்ற கணக்கும் பாக்தாதில் இருந்தது. 1980 செப்டம்பர் 17 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேன் அல்ஜியர்ஸ் உடன்படிக்கை செல்லாது என அறிவித்தார். 22ஆம் நாள் படையெடுப்பு தொடங்கியது. படைகள் முதன்மையாக நுழைந்தது எண்ணெய் வயல்களும் அபதான் சுத்திகரிப்பு ஆலையும் அமைந்த, ஈரானின் குஜெஸ்தான் மாகாணத்தில். எண்ணெய் ஆசை மட்டுமே காரணம் என்றால் போர் ஏன் 1980 வரை காத்திருந்தது என்பதற்கு விடையில்லை. அச்சம் மட்டுமே காரணம் என்றால் படையின் முதன்மை வீச்சு ஏன் குஜெஸ்தானை நோக்கியது என்பது எளிதில் விளங்காது. விடைத்தாளில் இவ்விரு கேள்விகளையும் நீங்களே எழுப்பி வாதத்தை நகர்த்துங்கள்.

போர் நீண்டபோது வருவாயே தாக்குதலுக்கு இலக்கானது. 1982இல் சிரியா தன் வழியே சென்ற ஈராக்கின் எண்ணெய்க் குழாயை மூடியது. ஈராக் ஈரானின் கார்க் தீவு ஏற்றுமதி முனையத்தைத் தாக்கியது. 1987இல் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்கள் அமெரிக்கக் கொடியுடன் செல்லும் நிலை வந்தது. (இப்பகுதி சுவையானது என்பதாலேயே பலர் இதில் பக்கங்களைச் செலவிட்டுவிடுகிறார்கள்; இரண்டு வரிகள் போதும்.)

எஞ்சிய இடத்தைக் குவைத்துக்கு ஒதுக்குங்கள். பாதுகாப்பின் பெயரால் நடத்திய போர் ஈராக்கைப் பெருங்கடனில் தள்ளியது. கடன் கொடுத்தவர்களில் ஒன்று குவைத். அந்நாடு எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் ஒதுக்கீட்டை மீறி உற்பத்தி செய்து விலையைச் சரிக்கிறது, இரு நாட்டு எல்லையில் உள்ள ருமைலா வயலின் எண்ணெயை எடுத்துக்கொள்கிறது என்று குற்றஞ்சாட்டிய ஈராக், 1990 ஆகஸ்ட் 2 அன்று அதை ஆக்கிரமித்தது. இரண்டு வாரங்களுக்குள், எந்த ஆற்றெல்லையை மறுத்து எட்டாண்டுகள் போரிட்டதோ அந்த 1975 உடன்படிக்கையை ஏற்பதாக ஈரானுக்கு அறிவித்துத் தன் கிழக்கு எல்லைப் படைகளை விடுவித்துக்கொண்டது. 150 சொற்களில் எழுத வேண்டிய வினாவானால், இடையிலுள்ள மற்றவற்றைச் சுருக்கி 1975, 1990 ஆகிய இரு பரிமாற்றங்களை மட்டும் விரிவாக எழுதுங்கள்.