பாதத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் சாக்கெட்

செயற்கைக் கால் வாங்க வருபவர்கள் எடுத்ததுமே கார்பன் பாதம் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களுக்கு நடை நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் சாக்கெட்டில்தான். மிச்சமிருக்கும் கால், அதாவது ஸ்டம்ப், உட்காரும் கூடு அது. அது சரியில்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்த பாதமும் பீரோ மேலேதான் கிடக்கும்.

இப்போது பலருக்கும் கொடுப்பது ஸ்டம்ப்மேல் மாட்டும் சிலிகோன் உறை, அதாவது லைனர். அதன் நுனியில் இருக்கும் 'பின்' (pin) என்ற கம்பி சாக்கெட்டின் அடியிலுள்ள பூட்டில் மாட்டிக்கொள்ளும். லைனரை உள்புறம் வெளியே வரும்படி முழுதாகத் திருப்பி, அடிப்பாகத்தை ஸ்டம்ப் நுனியில் காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டவைத்து, மேலே உருட்ட வேண்டும். சாக்ஸ் மாதிரி இழுத்தால் கிழியும். பின் கோணலாக நின்றால் பூட்டில் இறங்காது. காலை ஊன்றும்போது 'டிக் டிக்' என்று கேட்டால்தான் பூட்டியது என்று அர்த்தம்.

ஸ்டம்ப் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. காலையில் இறுக்கமாக இருந்தது சாயங்காலம் தொளதொளக்கும். அதற்குத்தான் லைனர்மேல் போடும் 1, 3, 5 பிளை சாக்ஸ் (பிளை என்பது தடிமன் அளவு). முழங்கால் சிப்பியின் அடியில் குத்தினால் ஸ்டம்ப் அதிகம் இறங்கிவிட்டது, ஒரு சாக்ஸ் கூட்டுங்கள். உள்ளேயே போகவில்லையென்றால் குறையுங்கள். 10 பிளைக்கு மேல் தேவைப்பட்டால் புது சாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. முதல் வருடத்தில் ஸ்டம்ப் சுருங்குவதால் இது சகஜம்.

கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு 10, 15 நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் மறுநாள் மாட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம், கண்ணாடி வைத்துப் பார்க்கணும்.

நம்ம ஊர் வியர்வைக்கு மதியம் ஒருமுறை கழற்றித் துடைப்பதுதான் வழி. லைனருக்குள் பவுடர் போடாதீர்கள், கட்டிதட்டித் தோலை அறுக்கும். இரவில் வாசனையில்லாத சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

செருப்பு விஷயத்தைப் பலரும் சொல்வதில்லை. 1 சென்டிமீட்டர் குதிகால் உயரமுள்ள செருப்புக்கு அமைத்த பாதத்தோடு வீட்டில் வெறுங்காலில் நடந்தால், முழங்கால் பின்பக்கம் தள்ளும், மேடு ஏறுவதுபோல இருக்கும். தரையில் உட்கார்ந்து எழுபவர்கள், வெறுங்காலில் புழங்குபவர்களுக்கு 1968-ல் உருவான ஜெய்ப்பூர் ரப்பர் பாதமே இன்றும் நல்ல தேர்வு. பழசு என்று ஒதுக்க வேண்டாம்.

சென்னை காசிமேடு துறைமுகத்தில் மீன் இறக்குபவர்கள் உப்புத்தண்ணீர் பட்ட அன்றே செயற்கைப் பாதத்தின் மேலுறையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மணலை எடுத்துவிட வேண்டும். நடக்கும்போது கடகடவென்றால் சாக்கெட்டையும் பாதத்தையும் இணைக்கும் குழாயின் திருகு தளர்ந்திருக்கலாம். அதை நீங்களே முடுக்கினால் காலின் சாய்வே மாறிவிடும், பொருத்தியவரிடம் கொண்டுபோங்கள்.