ஆறாவது மாடியும் கிழிந்த கெண்டைக்காலும்

யாங்கோனில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில், ஆறாவது மாடியில் இருப்பவனுக்குக் கெண்டைக்கால் சதை கிழிந்தால் காலை விட மாடிப்படிதான் பெரிய கவலை.

சின்லோன் ஆடும்போது நடந்தது. பிரம்புப் பந்து கீழே விழாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே காலாலும் முட்டியாலும் தட்டுகிற ஆட்டம். ஒற்றைக்காலில் எம்பினேன், பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. இந்தக் காயம் பட்ட பலரும் இதையேதான் சொல்வார்களாம்.

டாக்டர் குப்புறப் படுக்கவைத்துச் சதையைப் பிசைந்து பார்த்தார். பாதம் அசைந்தது, அதனால் குதிநாண் அறுபடவில்லை. மேல் சதையின் உள்பக்கம் பாதி கிழிந்திருக்கிறது, ஒன்றரை இரண்டு மாதம் பிடிக்கும் என்றார். கால் மேலும் வீங்கிச் சூடாகிச் சிவந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே வர வேண்டும் என்றும் எச்சரித்தார்.

செய்தி கேட்டு அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "நல்லா உருவி விட்டா ரெண்டே நாள்ல ஓடுவே தம்பி." உள்ளே ரத்தம் கசியும் முதல் நாட்களில் உருவவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நல்ல காலுக்குத் தேய்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரங்களில் என்னைக் காப்பாற்றியது பால்கனிக் கயிறு. இங்கே மாடிவீடுகளில் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே ஒரு மணி. கீழே இழுத்தால் மேலே அடிக்கும். மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ், காய்கறி, மாத்திரை எல்லாம் அதில்தான் ஏறிவந்தன. நான் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து, கன்றிய நீலம் நாளுக்கு நாள் கணுக்கால் பக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, கசிந்த ரத்தம் கீழே வடிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் பிசியோதெரபி. சொல்லித்தந்த அம்மாவை எல்லோரும் சாயாமா என்பார்கள், பர்மியத்தில் ஆசிரியை. அவர் முதலில் சொல்லித்தந்தது படியேறத்தான்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது அடிபட்ட கால் முன்னால். இரண்டு ஷூவிலும் குதிகாலுக்கு அடியில் மெத்தை வைத்தால் சதை இழுபடாது என்றார். நல்ல யோசனைதான். ஆனால் ஊரே தட்டைச் செருப்பில் நடக்கிற இடம் இது. பகோடாவுக்கும் கோயிலுக்கும் வெறுங்கால்தான். அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலுக்குக் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே கும்பிடு போட்டேன்.

பயிற்சியில் முக்கியமானது ஒன்று. கெண்டைக்காலில் இரண்டு சதைகள். மேலே இருப்பது முட்டியையும் தாண்டிப் போகிறது, அடியில் இருப்பது முட்டிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. முட்டியை நீட்டி குதிகாலைத் தூக்கினால் மேல் சதைக்கு நல்ல வேலை, மடக்கித் தூக்கினால் அடிச்சதைக்கு. நிறையப் பேர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக்காலில், கடைசியில் படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. சபித்துக்கொண்டே ஏறிய படிக்கட்டே ஜிம் ஆகிவிட்டது. போகிற வருகிற அக்காமார்கள் எண்ணிக்கை சொல்லித்தந்தார்கள், பர்மியத்திலும் தமிழிலும்.

ஆபத்தான கட்டம் வலி போன பிறகு வருவதுதான் என்பது என் கருத்து. நடக்க வலி இல்லை, இறங்க வலி இல்லை, உடனே ஆடலாம் போலிருக்கும். சாயாமா விடவில்லை. ஒற்றைக்காலில் குதிகால் தூக்கச் சொன்னார். நல்ல கால் இருபதைத் தாண்டியது, மற்றது பாதியில் நடுங்கியது. இரண்டும் சமமாகி, ஒற்றைக்காலில் வலியில்லாமல் குதிக்கவும் முடிந்த பிறகுதான் வட்டத்துக்குள் போகச் சம்மதித்தார்.

இப்போது போகிறேன். நின்ற இடத்தில் வரும் பந்தைத் தட்டுகிறேன். எம்பி அடிப்பதற்கு மட்டும் இன்னும் உத்தரவு வரவில்லை.